பணத்த வாங்கிட்டு விட்டுட்டா அடுத்த பொண்ணுக்கு யார் பதில் சொல்றது? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கடிதம், வாட்ஸ்அப் வாய்ஸ் எல்லாத்தையும் சேர்த்து பாத்தா பாதிக்கு மேல ஆஸ்பத்திரி விஷயம்தான், தொண்டில இருந்து சாயல்குடி வரைக்கும் கடலோரத்துல எல்லா ஊர்ல இருந்தும் வந்திருக்கு. அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். எழுதுனவங்க பேர் போடல, ஊர் மட்டும்தான். ஆஸ்பத்திரி பேரும் போடல, விசாரணை நடக்கிறதுக்கு முன்னாடி தீர்ப்பு எழுதுறது நம்ம வேலை இல்ல.

தங்கச்சிமடம் வாசகர்: அக்கா, நான் விசைப்படகுல தொழிலுக்கு போறவன். என் சம்சாரத்துக்கு தீராத வயித்துவலி, ஸ்கேன்ல சினைப்பைல கட்டின்னு வந்துச்சு, கட்டிய மட்டும் எடுத்துடலாம்னு சொல்லி ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேத்தோம். ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்தப்புறம்தான் கர்ப்பப்பையவே எடுத்துட்டோம்னு சொல்றாங்க. அவளுக்கு 31 வயசு. அன்னைக்கு நான் கடல்ல இருந்தேன், மாமியார் மட்டும்தான் கூட இருந்தாங்க. ஃபைல் கேட்டா இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்கிறாங்க. ஊர் பெரியவங்க ஆஸ்பத்திரில பேசி ஒரு தொகை வாங்கித் தர்றோம், இத்தோட விட்டுருங்கிறாங்க. போலீசுக்கு போகவா, கோர்ட்டுக்கு போகவா?

அண்ணே, முதல்ல உங்க சம்சாரத்த பாருங்க, தையல் ஆறிடுச்சா, தூங்குறாங்களா, சாப்பிடுறாங்களா. வேற ஒரு மகப்பேறு டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டுங்க, ராம்நாடு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி. சினைப்பை இருக்கா, அதையும் சேர்த்து எடுத்துட்டாங்களான்னு கேட்டு, அவங்க சொல்றத சீட்டுல எழுதி வாங்கிக்கங்க. சினைப்பையும் போயிருந்தா இந்த வயசுல உடம்புக்கு வேற பிரச்சனையெல்லாம் வரும், வைத்தியம் வேணும், கேஸ விட அது அவசரம்.

அடுத்தது பேப்பர். இங்க நம்ம பக்கம் நியாயம் இருந்தும் தோத்துப்போற குடும்பம் எல்லாம் பேப்பர் இல்லாமதான் தோக்குது. டாக்டர்களுக்குன்னு 2002-ல வந்த நடத்தை விதி இருக்கு, 2023-ல புதுசா ஒண்ண கொண்டுவந்து அத நிறுத்தி வச்சுட்டாங்க, அதனால பழைய 2002 விதிதான் இன்னும் நடைமுறைல. அதுல தெளிவா எழுதியிருக்கு: உள்நோயாளியோட ரெக்கார்ட 3 வருஷம் வச்சிருக்கணும், நோயாளியோ அவர் அனுப்புற ஆளோ கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும், கொடுக்கலைன்னா அதுவே தனியா ஒரு ஒழுங்கீனம். வாயால கேக்காதீங்க, இழுத்தடிக்கத்தான் செய்வாங்க. உங்க சம்சாரம் கையெழுத்து போட்டு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதுங்க, கேஸ் ஷீட், சம்மதப் படிவம், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்து நோட்ஸ், நர்ஸ் சார்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாத்துக்கும் நகல் வேணும்னு. பயாப்சி ரிப்போர்ட்ட மறக்காதீங்க, எடுத்த கர்ப்பப்பைய டெஸ்டுக்கு அனுப்பினாங்களா, அதுல என்ன வந்துச்சுங்கிறது எடுத்தது தேவையா தேவையில்லையாங்கிறதுக்கு பெரிய சாட்சி. நேர்ல கொடுத்தா இன்னொரு காப்பில சீல் வாங்குங்க, சீல் போட மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல ஒப்புகையோட அனுப்பிட்டு அந்த ரசீத பத்திரமா வைங்க, அந்த ரசீதுல இருக்கிற தேதிய வச்சுதான் அந்த 72 மணி நேரத்த கணக்கு பண்ண முடியும்.

நீங்க அனுப்புன சம்மதப் படிவத்தோட போட்டோவ பெரிசு பண்ணி பாத்தேன். கீழ மாமியார் கையெழுத்து நீல மைல இருக்கு, ஆபரேஷன் பேர் எழுதுற கோட்டுல கருப்பு மைல வேற கையெழுத்து, உங்க சம்சாரம் கையெழுத்து போட வேண்டிய இடம் காலியா இருக்கு. இத வச்சு பின்னாடி எழுதிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் வெளிய சொல்லாதீங்க, ஆனா ஒரிஜினல கொண்டுவாங்கன்னு விசாரணைல கேக்கலாம், கேக்கணும். ஏன்னா 2008-ல சுப்ரீம் கோர்ட் சமீரா கோலி வழக்குல கிட்டத்தட்ட இதே மாதிரி விஷயத்துல தீர்ப்பு சொல்லியிருக்கு. ஒரு பரிசோதனைக்கு சம்மதிச்சு மயக்கத்துல இருந்த பெண்ணுக்கு வெளிய இருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. வயசு வந்த பெண், முழிச்சப்புறம் அவங்ககிட்டயே கேட்டிருக்கலாம், உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லைன்னா அம்மா சம்மதம் செல்லாதுன்னு கோர்ட் சொல்லிருச்சு. அது மட்டுமில்ல, குழந்தை பெத்துக்க முடியாம போற ஆபரேஷன்னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் சம்மதமும் வேணும்னு அந்த 2002 விதிலயே இருக்கு. நீங்க கடல்ல இருந்தீங்க. ஆஸ்பத்திரி என்ன சொல்லும்னா ரத்தம் நிக்கல, எடுக்கலைன்னா உயிர் போயிருக்கும்னு சொல்லும். அது உண்மையாவும் இருக்கலாம். உண்மைன்னா ஆபரேஷன் நோட்ஸ்லயும் மயக்க டாக்டர் எழுதுன சார்ட்லயும் பிரஷர் எறங்குனது, ரத்தம் ஏத்துனது எல்லாம் நேரம் போட்டு இருக்கும். அதுக்குத்தான் பேப்பர் பேப்பர்னு சொல்றேன்.

இப்ப எங்க போறது. டாக்டரோட லைசென்ஸ கேள்வி கேக்கிற இடம் சென்னைல இருக்கிற தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். கையெழுத்து போட்ட புகார், கூட பேப்பர் நகல், டாக்டர் பேர், ரிஜிஸ்டர் நம்பர் வச்சு அனுப்பணும். அவங்க டாக்டருக்கு நோட்டீஸ் கொடுத்து, ரெண்டு பக்கமும் கேட்டு, தப்புன்னா எச்சரிக்கலாம், கொஞ்ச காலத்துக்கு பதிவுல இருந்து பேர எடுக்கலாம், நிரந்தரமாவும் எடுக்கலாம். பேர எடுத்தா அத பத்திரிகைல பரவலா அறிவிக்கணும்னும் விதில இருக்கு. 6 மாசத்துல முடிவு சொல்லணும்னு எழுதியிருக்கு, ஆனா அந்த 6 மாசத்த நம்பி உக்காந்திருக்காதீங்க, இழுக்கும். கவுன்சில் உங்களுக்கு ஒரு ரூபா கூட வாங்கித் தராது, அது அவங்க வேலை இல்ல.

பணம் கேக்கிற இடம் நுகர்வோர் ஆணையம், ராம்நாட்டுலயே இருக்கு. டாக்டர் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், ஆபரேஷன் மதுரைல நடந்திருந்தாலும் மதுரைக்கு அலைய வேண்டியதில்ல. ஆஸ்பத்திரிக்கு நீங்க கட்டுன பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது. ஆனா 2 வருஷத்துக்குள்ள போட்டாகணும், கவுன்சில்ல முடிவு வரட்டும்னு காத்திருந்து இந்த 2 வருஷத்த விட்டவங்க நிறைய பேர், ரெண்டையும் ஒண்ணா நடத்தலாம். வக்கீலுக்கு காசு இல்லைன்னு நினைக்காதீங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமா வக்கீல் கொடுக்கணும், ராம்நாடு கோர்ட்டுல போய் உங்க சம்சாரம் பேர்ல மனு கொடுங்க.

போலீஸ் கடைசி. ஏன்னா 2005-ல ஜேக்கப் மேத்யூ வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, டாக்டர் மேல கிரிமினல் கேஸ்னா சாதாரண கவனக்குறைவு போதாது, ரொம்ப மோசமான கவனக்குறைவா இருக்கணும், வேற ஒரு டாக்டரோட அபிப்பிராயம் வாங்கணும், சட்டுன்னு கைது பண்ணக்கூடாது. ஸ்டேஷன்ல உக்காந்து உக்காந்து மனசு விட்டுப்போயி கடைசில எதுவுமே செய்யாம விட்டுடுறாங்க, அதனாலதான் சொல்றேன்.

ஊர் பெரியவங்க பேசுறத பத்தி. அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல, கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா உங்க தொழில் போகும்னு சொல்றாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. பணம் வாங்குறது தப்புன்னும் சொல்ல மாட்டேன், வலிச்சது உங்களுக்கு. ஆனா ஒண்ணு யோசிங்கண்ணே. ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சா கவுன்சில்ல அந்த டாக்டர் பேருக்கு நேரா ஒரு வரி கூட ஏறாது. உங்களுக்கு முன்னாடி யாருக்காவது இதே மாதிரி நடந்து, அவங்களும் தொகை வாங்கிட்டு விட்டிருந்தா, உங்க சம்சாரத்த சேக்கும்போது உங்களுக்கு அது தெரிஞ்சிருக்க வழியே இல்ல. நாளைக்கு பாம்பன்ல இருந்தோ உச்சிப்புளில இருந்தோ இன்னொரு பொண்ணு அதே டேபிள்ல படுப்பா. என்ன முடிவு எடுத்தாலும், எந்தப் புகாரும் இல்லைன்னு ஒரு பேப்பர நீட்டினா சட்டப்பணிகள் வக்கீல்கிட்ட காட்டாம கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க.

திருப்பாலைக்குடி வாசகி: என் மகனுக்கு வலை இழுக்கும்போது கால்ல திருக்கை முள்ளு குத்திருச்சு. எங்க ஊர்ல ஒருத்தர் ஊசி போடுவார், எல்லாரும் டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க, அவர்கிட்ட போனோம். ரெண்டு நாள் வலி தெரியல, அப்புறம் கால் முட்டி வரைக்கும் வீங்கி பெரியாஸ்பத்திரில கிழிச்சு விட்டாங்க. அவர் நெசமாவே டாக்டர்தானான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

மகன் பொழைச்சானே அதுவே பெரிசு. முதல்ல முள்ளு விஷயம், எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கட்டும்: கால் தாங்குற அளவு சூடு தண்ணில காயத்த முக்கி வச்சா விஷத்தோட வலி குறையும், ஆனா முள்ளோட துண்டு உள்ள தங்கியிருக்கும், அத எடுக்கணும், டிடி ஊசி போடணும், அதுக்கு ஆஸ்பத்திரிக்கு போய்த்தான் ஆகணும்.

டாக்டரான்னு தெரிஞ்சுக்க ரொம்ப சுலபமான வழி இருக்கு. பதிவு பண்ண டாக்டர் தன்னோட ரிஜிஸ்டர் நம்பர கிளினிக்ல எழுதி மாட்டியிருக்கணும், மருந்துச் சீட்டுலயும், சர்ட்டிபிகேட்டுலயும், காசு வாங்குற ரசீதுலயும் போடணும். நீங்க அனுப்புன சீட்டு ஒரு மருந்து கம்பெனி நோட்பேட்ல இருந்து கிழிச்சது, மேல கம்பெனி மாத்திரை விளம்பரம், நடுவுல ரெண்டு மருந்து பேர், கீழ சுழிச்சு ஒரு கையெழுத்து, பேரும் இல்ல நம்பரும் இல்ல. நம்பர் இருந்தா அத தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் வெப்சைட்டுல அடிச்சா பேர் வரும், உங்க வீட்டுல படிக்கிற புள்ளைங்ககிட்ட சொன்னா செல்லுல பாத்துச் சொல்லிடும். பல் டாக்டருக்கு தனி கவுன்சில், சித்தாவுக்கு தனி, நர்ஸுக்கு தனி, மருந்தாளுநருக்கு தனி, எல்லாத்துக்கும் பதிவு நம்பர் உண்டு. கிளினிக்குக்கே தனியா தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் சட்டத்துல பதிவு வேணும், அந்த சர்ட்டிபிகேட்டும் கண்ணுல படுற மாதிரி மாட்டியிருக்கணும்.

எந்த நம்பருமே இல்லைன்னா கவுன்சிலுக்கு எழுதிப் பிரயோஜனம் இல்ல, பதிவே இல்லாதவர் பேர எங்கேயிருந்து எடுப்பாங்க? ராம்நாட்டுல இருக்கிற ஜேடி ஆபீசுக்கு, அதாவது மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்க, காப்பி கலெக்டருக்கு. பதிவு இல்லாம அலோபதி வைத்தியம் பாத்தா 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 5 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ராத்திரி ஒரு மணிக்கு கதவ தட்டினாலும் அந்த மனுஷன் வர்றார், பெரியாஸ்பத்திரிக்கு போக வண்டி இல்லைன்னு நீங்க சொல்றீங்க, அது எனக்கு நல்லாவே புரியுது. அந்த வண்டிய, அந்த ராத்திரி டாக்டர கவர்ன்மெண்ட்டுகிட்ட கேட்டு வாங்கணும். கிராமசபைல உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி யார் டூட்டின்னு ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்க.

தேவிபட்டினம் வாசகர்: கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரில தப்பு நடந்தா நுகர்வோர் கோர்ட்டுக்கு போகலாமா?

யார்கிட்டயும் காசு வாங்காம எல்லாருக்கும் இலவசமா பாக்கிற ஆஸ்பத்திரின்னா பொதுவா போக முடியாது, அந்த 1995 தீர்ப்புலயே அப்படித்தான் இருக்கு. ஆனா அங்க இருக்கிற டாக்டரும் கவுன்சில்ல பதிவு பண்ணவர்தான், கவுன்சில் புகார் போடலாம், இணை இயக்குநருக்கு எழுதலாம், மாநில மனித உரிமை ஆணையத்துக்கு போகலாம், நஷ்டஈடுக்கு ஹைகோர்ட் மதுரைக் கிளையிலயும் கேக்கலாம். ரெக்கார்ட் தரலைன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, 10 ரூபா, 30 நாள்.

ஏர்வாடி பக்கத்துல இருந்து ஒரு தங்கை: எங்க அண்ணனுக்கு மனநிலை சரியில்ல. வெளியூர்ல ஒரு காப்பகத்துல விட்டிருந்தோம். போன மாசம் பாக்கப் போனப்ப கால்ல சங்கிலி தடம் இருந்துச்சு. கேட்டா ஓடிடுவார்னு கட்டினோம்ங்கிறாங்க. நாங்க கேள்வி கேட்டா அவர வெளிய அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

தங்கச்சி, இத ஏர்வாடில இருந்து நீங்க கேக்கிறீங்க பாருங்க, எனக்கு படிச்சதும் கை ஓடல. 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலை உங்க ஊர் பக்கம் ஒரு தனியார் மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் போனாங்க, சங்கிலில கட்டியிருந்ததால எந்திரிச்சு ஓட முடியல. அதுக்கப்புறம்தான் சுப்ரீம் கோர்ட் தானா முன்வந்து கேஸ் எடுத்து, நாடு முழுக்க இந்த மாதிரி இடங்களுக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. கொட்டகைக்குள்ள என்ன நடக்குதுன்னு அதுவரைக்கும் யாரும் எட்டிப் பாக்கல, கேக்க வேண்டிய ஆபீசும் கேக்கல.

2017 மனநலச் சட்டத்துல எந்த வகையிலயும் சங்கிலி போடக்கூடாதுன்னு ஒரே வரில இருக்கு, ஓடிடுவார்ங்கிறது காரணமே இல்ல. கட்டுப்படுத்தணும்னா உடனே ஆபத்து வரும்ங்கிற நிலைமை இருக்கணும், மனநல டாக்டர் அனுமதிச்சிருக்கணும், அதுவும் தேவைப்படுற நேரத்துக்கு மட்டும், எல்லாத்தையும் எழுதி வைக்கணும். காப்பகம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும், பதிவுச் சான்றிதழ காட்டச் சொல்லுங்க. அடுத்த தடவ போறப்ப அண்ணன் கால் தடத்த தேதியோட போட்டோ எடுங்க, மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மனு போடுங்க, இதுக்கும் இலவச வக்கீல் உண்டு, அண்ணனுக்கே அந்த உரிமை இருக்கு. பயம் நியாயமான பயம்தான், அதனால மனு போடுறதுக்கு முன்னாடி ராம்நாடு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல பேசி ஒரு இடம் கேட்டு வச்சுக்கங்க, தர்கால துவாவோட, அதாவது பிரார்த்தனையோட சேர்த்து மருந்தும் கொடுக்கிற கவர்ன்மெண்ட் ஏற்பாட்டுலயும் விசாரிங்க. ஆனா ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க.

கீழக்கரை வாசகர்: டாக்டர் சொல்ற சென்டர்லதான் ஸ்கேன் எடுக்கணும்ங்கிறார், வேற இடத்து ரிப்போர்ட்ட பாக்கவே மாட்டேங்கிறார்.

நோயாளிய அனுப்பி கமிஷன் வாங்குறது 2002 விதில தடை பண்ண விஷயம், நிரூபிச்சா கவுன்சில்ல நடவடிக்கை எடுக்கலாம். நிரூபிக்கிறதுதான் கஷ்டம் காக்கா. வேற ரிப்போர்ட்ட பாக்க மாட்டேன்கிறத சீட்டுலயே எழுதித் தாங்கன்னு மரியாதையா கேட்டுப் பாருங்க, பாதி பேர் அப்பவே பாத்துடுவாங்க.

ஒரு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், சாயல்குடி பக்கம்: நீங்க எல்லாரையும் புகார் போடச் சொல்றீங்க. போன வருஷம் மாரடைப்புல கொண்டுவந்த பெரியவர் வாசல்லயே இறந்துட்டார், கூட வந்தவங்க கண்ணாடிய உடைச்சு நர்ஸ அடிச்சாங்க. எங்களுக்கு என்ன பாதுகாப்பு?

உங்க கோபம் நியாயமானது தம்பி. அந்த நர்ஸ் இன்னைக்கும் நைட் டூட்டிக்கு வரப் பயப்படுவாங்க, அது எனக்குத் தெரியும். 2008-லயே தமிழ்நாட்டுல இதுக்குன்னு தனிச் சட்டம் வந்துருச்சு, ஆஸ்பத்திரி ஊழியர அடிக்கிறதும் பொருள உடைக்கிறதும் ஜாமீன்ல விட முடியாத குற்றம். ஊர்ல பேசி சமாதானம் ஆகச் சொல்லியிருப்பாங்க, நீங்களும் ஒத்துக்கிட்டீங்களோ என்னமோ. ஒத்துக்காதீங்க. தங்கச்சிமடத்துக்காரருக்கு என்ன சொன்னேனோ அதேதான் உங்களுக்கும்.

ஆனா புகார் போடச் சொல்றது உங்களுக்கு எதிரானதுன்னு நினைக்காதீங்க. கவுன்சில்ல உங்களுக்கு நோட்டீஸ் வரும், பதில் சொல்ல வாய்ப்பு உண்டு, வக்கீல் வச்சுக்கலாம், கேஸ் ஷீட்ட படிக்கத் தெரிஞ்ச டாக்டர்கள்தான் உக்காந்து கேப்பாங்க. எத்தன மணிக்கு வந்தார், ஈசிஜி எப்ப எடுத்தீங்க, 108-க்கு எப்ப போன் பண்ணீங்கன்னு நேரம் போட்டு எழுதி வச்சிருந்தா அந்தப் பேப்பரே உங்கள காப்பாத்தும். வாசல்ல கூடுற முப்பது பேர் அந்தப் பேப்பர படிக்க மாட்டாங்க. சனங்களுக்கு கேக்க ஒரு இடம் இருக்குன்னு தெரியாதப்பதான் கல்ல எடுக்கிறாங்க. உங்க நிலையத்து வாசல்ல ஒரு போர்டு வைங்களேன், உங்க பேரு, ரிஜிஸ்டர் நம்பர், புகார்னா யாருக்கு எழுதணும்னு தமிழ்ல பெரிய எழுத்துல. அத வைக்கிற டாக்டர ஊரே நம்பும்.

மண்டபம் வாசகர்: எங்க அப்பா கேஸ்ல கவுன்சில் புகார தள்ளுபடி பண்ணிருச்சு. மேல்முறையீடு உண்டா?

இதுலதான் எனக்கு ரொம்ப ஆத்திரம். 2002 விதில பாதிக்கப்பட்ட யாரா இருந்தாலும் 60 நாளைக்குள்ள டெல்லிக்கு மேல்முறையீடு போகலாம்னு பின்னாடி சேத்தாங்க. ஆனா 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்துல கவுன்சில் எடுத்த நடவடிக்கையால பாதிக்கப்பட்ட டாக்டர் மேல்முறையீடு போகலாம்னு இருக்கு, முதல்ல டெல்லில இருக்கிற நெறிமுறை வாரியத்துக்கு, அதுக்கு மேல ஆணையத்துக்கு. புகார் கொடுத்த குடும்பத்த பத்தி அந்தப் பிரிவுல ஒரு வார்த்தை இல்ல, அதக் காட்டி குடும்பங்களோட மேல்முறையீட்ட டெல்லில தள்ளிட்டு வந்திருக்காங்க. அடிபட்டவனுக்கு மேல ஒரு படி கூட இல்ல, டாக்டருக்கு ரெண்டு படி, இது எந்த ஊர் நியாயம்? சட்டத்த திருத்தணும்னு நம்ம எம்பிகிட்ட எழுதுங்க, நானும் எழுதுறேன்.

அதுவரைக்கும் உங்களுக்கு இருக்கிறது ஹைகோர்ட் மதுரைக் கிளை, கவுன்சில் முடிவு சரியில்லைன்னு ரிட் போடலாம். உத்தரவோட நகல வாங்கி, எந்தக் காரணத்தால தள்ளுபடி பண்ணாங்கன்னு பாருங்க. வெறும் ரெண்டு வரில காரணமே சொல்லாம முடிச்சிருந்தா, இல்ல உங்கள கூப்பிட்டு கேக்காமலே முடிச்சிருந்தா, வக்கீலுக்கு அதுவே பிடி. நுகர்வோர் ஆணையத்துல தனியா போட்டிருந்தீங்கன்னா அது பாட்டுக்கு நடக்கும், கவுன்சில் தள்ளுபடி பண்ணிட்டதால அந்தக் கேஸ் செத்துப்போயிடாது. எல்லாக் கேஸ்லயும் நிபுணர் டாக்டர் சாட்சி கட்டாயம் இல்லைன்னு 2010-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, தப்பு கண்ணுக்கு முன்னாடி தெரியுதுன்னா பேப்பரே போதும். அப்பா இறந்த தேதியையும் இன்னைக்கு தேதியையும் கணக்கு பண்ணிப் பாருங்க, 2 வருஷம் ஆகலைன்னா இந்த வாரமே ராம்நாடு கிளம்புங்க.